பன்னிரண்டுக்குக் கீழே இருந்த எண்

தம்பி சிவா,

இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை அந்தச் சாமான் கிடங்குக் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதே என்று சொல்ல ஆசை. அதைக் கடிதத்திலேயே சொல்லி என்ன பிரயோசனம்? மடுல்சீமையில் போடும் கவர் கட்டாருக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்று தபால் கந்தோரில் கேட்டேன். பத்து நாளும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம் என்றார்கள். உனக்கு இருப்பது இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் என்று மலர் சொல்கிறாள். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் வாங்கினேன். சாப்பிட்டீர்களா என்று நீ கேட்டாய், சாப்பிட்டேன் என்றேன், போனை மலரிடம் கொடுத்துவிட்டேன். மூன்று தடவையும் அவ்வளவுதான் நடந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். இதை எழுதுகிறவள் உன் பொண்டாட்டி மலர்தான். வேறு ஆளிடம் போய் எழுதி வாங்கலாமா என்று நாலு நாள் யோசித்தேன். ஆனால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி அவள். நான் பேசப் பேச அவள் அதைப் புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். என்ன விஷயம் என்று இன்னும் அவளுக்குத் தெரியாது. மாமா வீட்டு விஷயம் ஏதோ எழுதச் சொல்கிறார் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

போன மாசம் நீ அவளிடம் பேசினதை அவள் எனக்குச் சொன்னாள். நீ தங்கியிருக்கும் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் மலையாளத்து ஆள் ஒருவர், உன் கைவேலையைப் பார்த்துவிட்டுத் தன் கடைக்கு வரச்சொல்லிக் கேட்டாராம். உன் கம்பெனியும் விடுவதற்குச் சம்மதித்துவிட்டதாம். ஆனால் நீ மாட்டேன் என்றாயாம். ஏன் என்று மலர் கேட்டதற்கு, "நான் கணக்குத் தப்பாப் போடுறவன் மலரு, நான் தொட்டா எரியும்" என்றாயாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கரண்ட் வந்தபோது உனக்கு எட்டு வயது. நமக்குச் சொந்தமாக மீட்டர் கிடையாது. வரிசையின் கோடியில் இருந்த காம்பரா வீட்டுக்கு வந்த கரண்டில் வயரை ஒட்டி இழுத்து ஆறு காம்பராக்காரர்கள் எரித்தோம். அடுத்த காம்பராப் பெரியம்மா இஸ்திரிப் பெட்டியைக் குத்தினால் நம் பல்ப் சிவந்து மங்கிப்போகும். அவர் ஏன் நம் வெளிச்சத்தைத் தின்கிறார் என்று நீ அழுதாய். "அவ திங்கலடா, வயருக்குத் தாங்கல" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தேயிலை பேக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ரோலர் அறையில் நின்ற காலம் அது. கொழுந்து உருட்டும் மெஷின்கள் நாலு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டர். நாலையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது, ஒன்று சுற்றி நிதானத்துக்கு வந்த பிறகுதான் அடுத்ததைப் போட வேண்டும், ஓடும்போது கேட்பதைவிடக் கிளம்பும்போது மோட்டர் கூடுதலாகக் கரண்ட் கேட்கும் என்று உனக்குக் காட்டினேன். மோட்டரின் வயிற்றில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்து அதிலுள்ள எண்களைப் படித்தும் காட்டினேன். ஆமாம், எழுத்துத்தான் எனக்கு வராது, எண் வரும். தராசிலும், சூடு காட்டும் மீட்டரிலும், மோட்டர் தகட்டிலும் முப்பது வருஷம் பார்த்துப் பழகினது. அது எத்தனை தூரம் வரும் என்று நான் யாருக்கும் சொல்லிக்கொண்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் ஐந்தாவதாக ஒரு ரோலர் கொண்டுவந்து பூட்டினார்கள். பழைய மோட்டர் ஒன்றையே அதற்கும் பெல்ட் போட்டு இழுக்கச் செய்தார்கள். தகட்டிலுள்ள எண்ணைப் பார்த்தேன், இரண்டு ரோலரின் பாரத்தைக் கூட்டிப் பார்த்தேன், மோட்டர் போடுகிற சத்தத்தையும் கேட்டேன். பேக்டரிக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயாவிடம் போய், இது தாங்காதுங்க என்றேன். அவர் எல்லோர் முன்னாலும், "உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். "அப்ப தகடு படிக்க வந்துட்டியா? போய்க் கொழுந்தப் போடு" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நாலாம் நாள் மோட்டர் எரிந்தது, ஐந்தாவது ரோலரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அபசகுனமாகப் பேசினவன் என்று என்னையே ஒரு மாசம் வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெரிய மனுசனிடமும் நான் எண்ணைப் பற்றிப் பேசினதில்லை. வாயை மூடிக்கொள்வதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து அப்படியே இருந்து பழகிவிட்டேன்.

நீ படித்து, மடுல்சீமைக் கடைவீதியில் அந்தச் சின்ன ஸ்டூடியோவைப் போட்டாய். சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கல்யாணம் எல்லாம் உன் கேமராவில்தான் விழுந்தது. மாப்பிள்ளை பொண்ணு மேலே ரோசாப்பூ உதிர்கிற மாதிரி, இரண்டு பேரும் நிலாவுக்குள் நிற்கிற மாதிரி நீ செய்து கொடுத்ததைப் பார்க்க ஆட்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நடந்து வந்தார்கள். அந்த ரோசாப்பூ ஒரு தடவை உதிர்வதற்கு உன் கம்ப்யூட்டர் அரை நாள் எடுத்தது. பூவைக் கையால் கிள்ளிப் போட்டிருந்தால் இத்தனை நேரம் ஆகாது என்று நானே உன்னைக் கேலி செய்திருக்கிறேன். அதற்காகத்தான் கொழும்புக்குப் போய் அந்த கிராஃபிக்ஸ் கார்டை வாங்கி வந்தாய். சின்னக் காற்றாடியும் செம்பு வயிறுமாக, பார்க்க ஒரு குட்டி மோட்டர் மாதிரியே இருந்தது. பூட்டினாய். படம் ஓடத் தொடங்கின உடனே மெஷின் பொத்தென்று நின்றுபோனது. மூன்று தடவை போட்டாய், மூன்று தடவையும் நின்றது. எனக்கு உடனே புரிந்தது. உனக்கும் புரிந்தது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பவர் சப்ளை என்பாயே, அதற்கு இந்தப் பாரம் தாங்கவில்லை.

நீ கணக்குப் போட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கார்டுக்கு இவ்வளவு, மதர்போர்டு என்கிற பலகைக்கு இவ்வளவு, டிஸ்க் இரண்டுக்கு இவ்வளவு, கிளம்பும்போது கேட்கிறது இவ்வளவு, அதற்கு மேலே மூச்சுவிட இவ்வளவு என்று வரிசையாக எழுதிக் கூட்டினாய். எனக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள் வந்தது. உனக்கோ ஹல்துமுல்லைக் கல்யாணப் படத்தை அந்த வாரமே முடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் நானே வாங்கி வருகிறேன் என்றேன். பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து அதில் கட்டம் போட்டுக் காட்டினாய். "அப்பா, பெட்டிக்கு மேல பெருசா போட்டிருக்கிறத நம்பாதீங்க. நானூத்தம்பதுன்னு இருக்கும், ஐநூறுன்னும் இருக்கும், அது சும்மா எல்லாத்தையும் கூட்டிப் போடுறது. பக்கத்துல ஒரு கட்டம் ஒட்டியிருப்பான். அதுல பன்னெண்டு வோல்ட்டுக்குக் கீழ என்ன நம்பர்னு பாருங்க. இந்தக் கார்டு திங்கிறது அதுலதான். இருபத்தாறுக்குக் குறையக் கூடாது" என்றாய். எந்தக் கடை என்றும் சொன்னாய். எல்லாம் எனக்கு விளங்கியது. அந்த அட்டை இல்லாமலேகூட நான் வாங்கியிருப்பேன்.

நீ சொன்ன கடைக்கு முதலில் போனேன். அங்கே அது இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், இரண்டு கிலோ சீனி மாதிரிக் கனத்தது. பன்னிரண்டுக்குக் கீழே இருபத்தெட்டு என்று இருந்தது. எடுத்து வையுங்கள், மருந்தை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்தோடு திரும்பும்போதுதான் நம் ஜவுளிக் கடை முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "என்ன ரோலர்காரரே, டவுனுக்கு வந்துட்டு நம்ம கடைய மிதிக்காமப் போறீங்க? மகன் பெரிய ஸ்டூடியோக்காரன் ஆயிட்டான்னு கேள்வி" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். என்ன வாங்க வந்தீர்கள் என்று கேட்டார், மகனுக்கு நானூற்றைம்பது பவர் சப்ளை ஒன்று என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அவர் மகன் அந்தக் கடையின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் சாமான்களும் விற்கத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியாது. உடனே ஒரு பெட்டி வந்தது. "உங்க மகன் கேட்டது நானூத்தம்பது. இது ஐநூறு. கூடவே இருக்கு, கொண்டு போங்க" என்றார் முதலாளி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். புடவைக் கரையைப் பார்த்து ஊர் சொல்லும் மனுசன், இந்தப் பெட்டியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

பெட்டியைத் திறந்து சாமானைக் கையில் எடுத்தேன். வெறும் தகரம் மாதிரி லேசாக இருந்தது. திருப்பினேன். கட்டம் இருந்தது. பன்னிரண்டுக்குக் கீழே பதினாலு என்று இருந்தது.

நான் பார்த்தேன், தம்பி. ஒன்றும் நான்கும். நன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். இருபத்தாறுக்கும் பதினாலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான்.

இந்த இடத்தில் மலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க பாத்தீங்களா மாமா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். இதையும் எழுது என்றேன், எழுதுகிறாள். என் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது உனக்குப் பரீட்சை, உன்னை ஒரு நாள்தான் கூட்டி வந்தேன். அந்தப் பதினொரு நாளும் மத்தியானத்தில் அந்த முதலாளி வீட்டிலிருந்து வார்டுக்குச் சோறு வந்தது. நான் கேட்கவில்லை, அவர்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. உன் அம்மா கடைசியாக வாயில் வைத்தது அந்த வீட்டு ரசச் சோறு. அந்த மனுசன் கையால் எடுத்துக் கொடுத்ததை, கடையில் நாலு பேர் துணி பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இது பத்தாது முதலாளி, வேறு கடையில் நல்லது இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கும் கடையைத் தாண்டி வேறு கடைப் பையோடு போக வேண்டியிருந்தால் பின் தெருவால் சுற்றிப் போவார்கள். இதெல்லாம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் கேவலமானது. நான் எண்ணைக் காட்டிப் பேசி, உங்களுக்கு எழுத்துத் தெரியுமா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. ஆனாலும் பயந்தேன். "சரிங்க முதலாளி" என்று சொல்லிப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எடுத்து வைக்கச் சொன்ன கடைக்குப் போகவே இல்லை.

பஸ்ஸில் பசறை வரும் வரைக்கும் உன்னிடம் சொல்லிவிடுவது என்று இருந்தேன். பசறை தாண்டினதும், ஐநூறு என்று போட்டிருக்கிறதே, ஒருவேளை தாங்கினாலும் தாங்கும் என்று தோன்றியது. வளைவு ஏற ஏற, தாங்கும் என்றே ஆகிவிட்டது. நான் ஸ்டூடியோவுக்குள் வந்தபோது நீ மெஷினைக் கழற்றி இரண்டு கையையும் உள்ளே விட்டிருந்தாய். நிமிராமலே, "பன்னெண்டுக்குக் கீழ பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாய். "பாத்தேன்" என்றேன். அது பொய் இல்லை. அதற்கு மேல் நீ கேட்கவில்லை. அப்பா பார்த்தேன் என்றால் பார்த்திருப்பார் என்று அந்தக் கட்டத்தை நீ திருப்பிக்கூடப் பார்க்காமல் வைத்து முறுக்கினாய். ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட மாட்டாயா என்று நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொல்வதற்கு எனக்கு வாய் இருந்தது, ஆனால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஹல்துமுல்லைப் பொண்ணு மேலே பூ உதிரும்போது உள்ளே ஒரு சத்தம், பிறகு அந்த நாற்றம். மோட்டர் எரிந்த அன்று ரோலர் அறையில் வந்த அதே நாற்றம். பெட்டி போனால் பரவாயில்லை, அது போகும்போது டிஸ்க் இரண்டையும் பலகையையும் சேர்த்துக்கொண்டு போனது. கல்யாணம் முழுக்க டிஸ்க்குக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி, அந்தக் கேமரா டேப்பின் மேலேயே நீ அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டிருந்தாய். பொண்ணின் அப்பா அவ்வளவு தூரம் பஸ் மாறி வந்தார். சத்தம் போடவில்லை. "பொண்ணு கழுத்துல தாலி ஏறினத நாங்க கண்ணால பாத்தோம் தம்பி, எங்களுக்குப் படம் வேணாம். அவ மாமியாதான் ஊரு பூரா காட்டுறேன்னு சொல்லிட்டா. அந்த வீட்டுல புள்ள என்ன பதில் சொல்லும்?" என்று கேட்டார். நீ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாய். நான் வாசலில் நின்றேன். அதற்குப் பிறகு அந்தச் செய்தி பஸ்ஸுக்குப் பஸ் ஏறிப் போனது. ஆறு மாசத்தில் உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆள் இல்லை. அப்போது பிறந்திருந்த உன் குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்னே நீ பிளேன் ஏறினாய்.

அன்று பெட்டியைக் கழற்றி, அந்தப் பதினாலை நீ பார்த்தாயே, அதை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன். என்னையும் பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். மலர்தான் கோபத்தில், மாமா பாத்து வாங்கியிருக்கக் கூடாதா என்றாள். நீ அவளை அடக்கினாய். "அவர ஒண்ணும் சொல்லாத. எழுத்துத் தெரியாத மனுசன். அட்டையில கட்டம் போட்டுக் குடுத்தாப் போதும்னு நெனச்சேன் பாரு, அது என் பிழை. என் கணக்கும் சரியோ என்னவோ" என்றாய். தம்பி, அந்த நேரத்தில் நான் பேசியிருக்க வேண்டும். எழுத்துத் தெரியாது என்று ஒருத்தன் என்னைச் சொன்னதற்கு ஆயுசு பூரா வெட்கப்பட்டவன் நான். அன்று நீ அதையே சொன்னபோது, ஒளிய ஒரு இடம் கிடைத்தது என்று அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டேன். மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறேன்.

போன மாசம் கிளினிக்குக்குப் போனபோது அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, நீ முதலில் சொன்ன கடைக்குப் போனேன். அன்றைக்கு இருந்த அதே தம்பிதான். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. கார்டின் பெயர் உன் கையால் அட்டையில் எழுதியிருந்தது. இந்தக் கார்டுக்கு இந்தக் கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பார்த்தார். "யாரு போட்டது? சரியாத்தான் போட்டிருக்காரு. கொஞ்சம் தாராளமாவே விட்டிருக்காரு, அப்படித்தான் விடணும்" என்றார். என் மகன் என்றேன். எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். சாமான் தூக்குகிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளிநாட்டில் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீ போட்ட கணக்கு சரி என்பது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பாரத்தைக் கூட்டினது சரி, பன்னிரண்டைப் பார்க்கச் சொன்னது சரி, மூச்சுவிட இடம் விட்டதும் சரி. நீ தொட்டதால் அது எரியவில்லை. நீ அனுப்பின ஆள் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு வந்ததால் எரிந்தது. அந்த மலையாளத்து ஆளிடம் போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிடவும் முகம் இல்லை. ஹல்துமுல்லைக்கு ஒரு தடவை பஸ் ஏறினேன், அந்த ஆளிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. பாதியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். இப்படிப்பட்ட ஆள்தான் உன் அப்பா. என்னை மன்னித்துவிடு என்று எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன், அதற்கும் நீ ஏதாவது நல்ல பதில் சொல்லி என்னைக் காப்பாற்றிவிடுவாய். அதனால் அதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மலர் இது வரைக்கும் எழுதினதை எனக்குப் படித்துக் காட்டினாள். சரியாக இருக்கிறது. பிறகு, "மாமா, நானும் அவருக்கு இதுக்குக் கீழ கொஞ்சம் எழுதணும்" என்றாள். எழுது தாயி என்றேன். "அத உங்களுக்குப் படிச்சுக் காட்ட மாட்டேன்" என்றாள். சரி என்றேன். இதற்குக் கீழே அவள் என்ன எழுதப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டாம் என்று எழுதலாம், போடு என்றும் எழுதலாம், இந்த மனுசனோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியாது என்றும் எழுதலாம். எது எழுதினாலும் நானே கவரில் போட்டு ஒட்டி, நாளைக் காலை தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நீ அதைப் படித்து அவள் சொல்கிறபடி செய்.

அப்பா